ஒற்றைத் தலைவலித் தடுப்பு மருந்துகளும் அவற்றின் பக்க விளைவுகளும்

காய்ச்சலுக்கு வெப்பமானி சான்று கூறும். எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே படம் சான்று கூறும். ஒற்றைத் தலைவலிக்குச் சான்று கூறும் கருவி எதுவும் இல்லை. ஆகவேதான் அதனைக் காரணம் காட்டி விடுப்புக் கோரும் ஊழியர்மீது மேலதிகாரிக்கு ஐயம் எழுகிறது. தேர்வுக்கு முதல்நாள் இருட்டறையில் படுத்துக்கிடக்கும் மாணவன் படிக்க அஞ்சுகிறான் எனப் பெற்றோர் எண்ணுகின்றனர். நோயாளியோ ஒளியையும் ஓசையையும் தாங்க மாட்டாமல், குமட்டலுடன், தலையின் ஒரு பக்கம் சம்மட்டியால் அடிப்பது போன்ற வலியுடன், சில மணி நேரம் முதல் மூன்று நாட்கள் வரை துன்புறுகிறார். மறுநாள் எழுந்து நடமாடும்போது நோயின் அடையாளம் ஏதும் அவரிடம் காணப்படுவதில்லை.

உலக அளவில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு இந்நோய் உண்டு. கர்நாடகத்தில், பெங்களூரு நகரிலும் அதனைச் சார்ந்த கிராமங்களிலும் நடத்தப்பெற்று 2015-இல் வெளியான ஆய்வொன்று, வயதுவந்தோரில் 25.2 விழுக்காட்டினர் ஓராண்டுக் காலத்தில் இத்தலைவலிக்கு ஆளாகின்றனர் எனக் கண்டது. அதாவது, நூறு பேர் அமர்ந்திருக்கும் ஓர் அரங்கில் 15 முதல் 25 பேர் வரை இந்நோயைத் தம் அனுபவத்தில் அறிந்தவர்களாக இருக்கக் கூடும். பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு மிகுதியாக வருகிறது. உயிரைக் கவராமல் வாழ்நாளை முடக்கும் நோய்களின் உலகக் கணக்கீட்டில், 2019-ஆம் ஆண்டு நிலவரப்படி இதற்கு இரண்டாம் இடம், இளம்பெண்களிடையே முதலிடம். மனித ஆற்றலை நாட்டின் செல்வமாகக் கணக்கிடுவோர் இந்த இழப்பையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

இருவகை மருத்துவம்

இந்நோய்க்கு மருந்து இருவகைப்படும். வலி வந்தபின் அதனைத் தணிப்பது ஒருவகை. வலி வராமலும், வந்தாலும் கடுமையாகாமலும் இருக்க நாள்தோறும் உண்பது மற்றொரு வகை. முதல்வகையை மக்கள் நன்கறிவர். மருந்துக் கடையில் கேட்டு வாங்கிக்கொள்வர். இரண்டாம் வகையைப் பற்றி அறிந்தோர் மிகச் சிலரே.

மாதத்தில் நான்கு நாட்களோ அதற்கு மேலோ தலைவலி வருமாயின், அல்லது நாட்கள் குறைவாயினும் ஒவ்வொரு முறையும் வேலையை அடியோடு நிறுத்துமாயின், தடுப்பு மருந்தைப் பற்றி மருத்துவர் எண்ணிப் பார்க்கிறார். இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. வலி தணிக்கும் மாத்திரையே அளவு மீறினால் தலைவலியை வளர்க்கும். சாதாரண வலி நிவாரணிகளை மாதத்தில் 15 நாட்களுக்கு மேல், அல்லது பல மருந்துகள் கலந்த மாத்திரைகளையும் எர்காட், டிரிப்டான் வகைகளையும் 10 நாட்களுக்கு மேல், மூன்று மாதங்களுக்கும் அதிகமாக உண்டுவருவோரிடம் மருந்தாலேயே விளையும் தலைவலி தோன்றுகிறது. காலையில் மாத்திரை, மாலையில் வலி, மீண்டும் மாத்திரை என்னும் சுழலில் அகப்பட்டவர்க்கு மேலும் வலுவான மாத்திரை உதவாது. தடுப்பு மருந்தின் தேவை அங்கே மிகத் தெளிவாகப் புலப்படும்.

இரவல் மருந்துகள்

இத்தடுப்பு மருந்துகளின் வரலாற்றில் ஒரு விந்தை உண்டு. இன்று பெருவழக்கில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை இந்நோய்க்கென்று ஆக்கப்பட்டவை அல்ல. பிற நோய்களின் மருந்துப் பெட்டியிலிருந்து இரவலாக வந்தவை. தலைவலியைத் தடுப்பதற்கென்றே 1959-இல் இத்தாலிய மருத்துவர் சிகுதேரி கையாண்ட மெத்திசெர்ஜைட் என்னும் மருந்து நல்ல பயனளித்தது. ஆனால், நெடுநாள் உண்டவர் சிலருக்கு வயிற்றின் பின்புறத்தில் நார்த்திசு வளர்ந்து சிறுநீர்க் குழாய்களை நெரிப்பதும், இதய வால்வுகளும் நுரையீரல் உறையும் தடிப்பதும் 1960-களில் தெரியவந்தன. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மருந்தை நிறுத்தி இடைவெளி விட வேண்டும் என்ற விதி அதனால் பிறந்தது. பின்னர் அம்மருந்தே வழக்கொழிந்தது. தடுப்பு மருந்து எதுவாயினும் எவ்வளவு காலம் உண்பது என்ற கேள்வியைத் தொடக்கத்திலேயே எழுப்பும் பழக்கம் மருத்துவ உலகில் ஊன்றியதற்கு இந்தக் கசப்பான அனுபவமும் ஒரு காரணம்.

புரோப்ரனலாலின் கதை வேறு. இதயத்திற்குக் குருதி போதாமையால் வரும் மார்வலிக்காகப் பிரிட்டனில் ஜேம்ஸ் பிளாக்கும் அவருடைய குழுவினரும் 1960-களின் முற்பகுதியில் உருவாக்கிய மருந்து அது; 1988-இல் நோபல் பரிசு பெற்ற சாதனைகளுள் ஒன்று. மார்வலிக்காக அதனை உண்டவர்கள் சிலருக்கு நெடுநாளைய ஒற்றைத் தலைவலியும் குறைந்ததாக 1966-இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. தேடாமல் கிடைத்த பயன் அது. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வு மருந்தாக வந்தது. டோபிராமேட்டும் வால்ப்ரோயேட்டும் வலிப்பு மருந்துகளாக வந்தன. இரத்த அழுத்தத்திற்கான கேண்டசார்ட்டனும் இவ்வரிசையில் சேர்ந்தது.

இரவல் மருந்து தன் பழைய வேலையை மறப்பதில்லை. இதயத்துடிப்பைத் தணிப்பது தலைவலிக்காக உண்ணும்போதும் துடிப்பைத் தணிக்கும். நரம்பின் கிளர்ச்சியை அடக்குவது சிந்தனை வேகத்தையும் சற்று அடக்கும். பக்க விளைவு என்று கூறப்படுவது பலநேரம் மருந்தின் முதல் விளைவே. இதனைப் புரிந்துகொண்டால், யாருக்கு எது ஆகாது என்பதையும் பெருமளவு ஊகித்துவிடலாம்.

எவர்க்கு எது ஆகாது

புரோப்ரனலால் ஆஸ்துமா உள்ளவருக்குத் தரத்தக்கதன்று; மூச்சுக்குழாயைச் சுருக்கி உயிருக்கே ஆபத்து விளைவிக்கும். ‘மூச்சிரைப்பு உண்டா?’ என்னும் ஒரு வினாவைக் கேளாமல் இம்மருந்தை எழுதுவது பெரும் பிழை. இன்சுலின் ஏற்றிக்கொள்ளும் நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை தாழும்போது எச்சரிக்கையாகத் தோன்றும் படபடப்பையும் இது மறைத்துவிடும். களைப்பு, கைகால் சில்லிடுதல், எழும்போது கிறுகிறுப்பு, சிலருக்குக் கெட்ட கனவுகள் ஆகியன பிற விளைவுகள். நாடித்துடிப்பு ஏற்கெனவே மெதுவாக உள்ளவருக்கும் இது பொருந்தாது. நலமாகிவிட்டது என்று ஒரே நாளில் நிறுத்துவதும் கூடாது. படிப்படியாகவே குறைக்க வேண்டும். இத்தனையும் கூறியபின், இதன் நற்பெயரையும் கூறுவதே நேர்மை: விலை குறைவு, அனுபவம் அரை நூற்றாண்டுக்கு மேல், உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இடம்பெற்றது.

அமிட்ரிப்டிலின் இரவில் உண்ணும் மாத்திரை. 10 மில்லிகிராம் போன்ற சிற்றளவில் தொடங்குவர். தூக்கம் கெட்டவருக்கும், மன இறுக்கத்தால் வரும் தலைவலி உடன் உள்ளவருக்கும் இது ஏற்றது. வாய் உலர்தல், மலச்சிக்கல், காலையில் மந்தம், எடை கூடுதல் ஆகியன இதன் பக்க விளைவுகள். புராஸ்டேட் வீங்கிய முதியவருக்குச் சிறுநீர் அடைபடலாம்; குளுக்கோமா எனும் கண் அழுத்த நோயின் ஒருவகை உள்ளவருக்கும், இதயத்தின் மின்னோட்டத்தில் கோளாறு உள்ளவருக்கும் ஆபத்து உண்டு. அதிகாலையில் வண்டி ஓட்டப் புறப்படும் ஓட்டுநருக்கு இதனைத் தரும்போது, முதல் வாரத்தின் மந்தத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவது பொறுப்பற்ற செயல்.

ஃப்ளூனரிசின் இந்தியாவில் மிகவும் பழகிய மருந்து; அமெரிக்காவில் அதற்கு அனுமதி இல்லை. தலைசுற்றலுக்கும் தரப்படும் இம்மருந்தால் உறக்கமும் எடையும் கூடும் என்பது பலரும் அறிந்ததே. பலரும் அறியாதது, அது மனச்சோர்வை உண்டாக்கக்கூடும் என்பதும், கைநடுக்கம், உடல் விறைப்பு, நடை தளர்தல் எனப் பார்க்கின்சன் நோயைப் போன்ற குறிகளை, சிறப்பாக முதியவர்களிடம், தோற்றுவிக்கக்கூடும் என்பதும் ஆகும். உடலிலிருந்து இது மிக மெல்லவே வெளியேறுகிறது. ஆகவே நிறுத்திய பின்னும் அக்குறிகள் வாரக்கணக்கில், சிலபோது மாதக்கணக்கில், நீடிக்கும். ஒருமுறை எழுதிய சீட்டைக் காட்டி ஆண்டுக்கணக்கில் வாங்கி உண்ணும் பழக்கம் எந்த மருந்துக்கும் தீதே எனினும், இதற்கு மிகத் தீது. தாத்தாவின் கை நடுங்குவதை முதுமை என்று குடும்பம் விட்டுவிட, காரணம் அவருடைய மாத்திரைப் பெட்டியில் இருக்கலாம்.

டோபிராமேட் ஆய்வுகளால் நன்கு சோதிக்கப்பட்டது. 2004-இல் வெளியான பெரியதோர் ஆய்வில், நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் உண்டவர்களில் 49 விழுக்காட்டினருக்குத் தலைவலி பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தது. மருந்தற்ற போலி மாத்திரை உண்டவர்களில் 23 விழுக்காட்டினருக்கே அவ்வாறு குறைந்தது. எதிர்பார்க்கத்தக்க பயன் எவ்வளவு என்பதற்கு இக்கணக்கு நல்ல உரைகல். முற்றிலும் குணமாகும் என்று வாக்களிப்பவர் இம்மருந்துகளை அறியாதவர்.

இதன் விளைவுகளுள் முதலாவது, விரல் நுனிகளிலும் உதட்டோரத்திலும் ஊசி குத்துவது போன்ற உணர்வு. மிகப் பலருக்கு வரும், தீங்கற்றது. எடை குறையும்; சிலர் அதனை வரவேற்பதும் உண்டு. சொல் நாவில் வந்து நின்றுவிடுதல், கணக்குப் போடத் தாமதம், கவனச் சிதறல் ஆகியவை மாணவருக்கும் கோப்புகளோடு உழைப்போருக்கும் சிறிய இடர் அல்ல. சிறுநீரகக் கல் உண்டாகலாம் என்பதால் தண்ணீர் மிகுதியாகக் குடிக்க வேண்டும். வியர்வை குறைவது, முக்கியமாகச் சிறுவர்களிடம், இந்தியக் கோடையில் உடல் வெப்பத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். குளிர்நாட்டு நூல்களில் ஓரடியில் முடியும் இக்குறிப்பு விதர்ப்பத்திலும் ராஜஸ்தானத்திலும் தலைப்பெழுத்தில் இடம்பெறத் தக்கது. மருந்து தொடங்கிய முதல் மாதத்தில் திடீரெனக் கண்வலியும் பார்வை மங்கலும் ஏற்பட்டால், அன்றே கண் மருத்துவரை அடைய வேண்டும். தாமதித்தால் பார்வை போகக்கூடும்.

வால்ப்ரோயேட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியுள்ளது. நோய் மிகுதியாகத் தாக்குவது 20 முதல் 40 வயதுக்குட்பட்ட பெண்களை. அந்த வயதே மகப்பேற்றின் வயதும் ஆகும். கருவுற்ற காலத்தில் இம்மருந்தை உண்ட தாய்மாரின் குழந்தைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்கு முதுகுத்தண்டு சரிவர மூடாமை போன்ற பிறவிக் குறைகளும், பத்தில் மூன்று நான்குக்கு அறிவு வளர்ச்சியில் பின்னடைவும் காணப்பட்டுள்ளன. முதுகுத்தண்டு உருவாவது கருவின் முதல் சில வாரங்களில். கருவுற்றதைப் பெண் உணர்வதற்குள் தீங்கு நேர்ந்துவிடும். கருவுற்ற பெண்களுக்குத் தலைவலித் தடுப்புக்காக இம்மருந்தை அறவே தரலாகாது என 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் அறிவித்தது. டோபிராமேட்டும் உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவு ஆகியவற்றோடு தொடர்புடையது. திருமணம் நிச்சயமான இளம்பெண்ணின் பழைய சீட்டில் இவற்றுள் ஒன்று இருக்குமாயின், அதனைச் சுட்டிக்காட்டும் கடமை மருத்துவருக்கு மட்டுமன்று, மருந்தாளுநருக்கும் உண்டு. வலிப்பு நோய்க்காக உண்பவரோ தாமாக நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரைக் கலந்தே மாற்ற வேண்டும்.

தீமை முதல் வாரத்தில், நன்மை எட்டாவது வாரத்தில்

இத்தனை மருந்துகள் இருந்தும் பயன் பெறுவோர் ஏன் குறைவு? அமெரிக்காவில் நாட்பட்ட ஒற்றைத் தலைவலி உடையோரின் மருந்துக் கணக்குகளை ஆராய்ந்து 2015-இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், தடுப்பு மாத்திரை தொடங்கியவர்களில் ஆறு மாத முடிவில் ஒழுங்காக உண்டுவந்தவர் நான்கில் ஒருவரைச் சற்றே மிஞ்சினர். ஓராண்டு முடிவில் ஐந்தில் ஒருவர்கூட இல்லை. மருத்துவக் காப்பீடும் மருந்துக் கடையும் அருகிலிருந்தவர்களின் நிலையே இது.

ஒரு மாவட்ட அலுவலகத்தில் பணிபுரியும் பெண் எழுத்தரை எடுத்துக்கொள்ளலாம். மாதத்தில் எட்டு நாள் தலைவலி. மருத்துவர் அமிட்ரிப்டிலின் எழுதித் தருகிறார். முதல்நாள் காலை எழ முடியவில்லை, அலுவலகத்திற்குத் தாமதம். வாய் உலர்கிறது. நான்காம் நாள் தலைவலியும் வழக்கம்போல் வருகிறது. உறையிலிருந்த தாளைப் படித்துப் பார்த்த தம்பி, ‘அக்கா, இது மனநோய்க்குத் தருகிற மாத்திரையாமே!’ என்கிறான். பத்தாம் நாள் மாத்திரை அலமாரியின் மூலைக்குப் போகிறது. அடுத்த மருத்துவரிடம், ‘அந்த மாத்திரை கேட்கவில்லை’ என்கிறார். அவரும் அவ்வாறே எழுதிக்கொள்கிறார். உண்மையில் அம்மருந்து தோற்கவில்லை, சோதிக்கப்படவே இல்லை.

இம்மருந்துகளின் பயன் புலப்பட எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். பக்க விளைவுகளோ முதல் வாரத்திலேயே வந்து நிற்கும். அவற்றுள் பல மூன்றாம் நான்காம் வாரத்தில் தாமாகவே தணியும். இந்தக் கால வேறுபாட்டை முன்கூட்டிச் சொல்லாத மருத்துவம் பத்தாம் நாளே முடிந்துபோகிறது. ‘ஒரு வாரம் காலையில் மந்தமாக இருக்கும், எட்டு மணிக்கே மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள், இது மனச்சோர்வுக்கும் தரப்படுவது, உங்களுக்குத் தருவது தலைவலிக்காக, அளவும் அதில் ஒரு பங்குதான், இரண்டு மாதம் ஆகாமல் பயனை எடைபோட வேண்டாம்’ என்று கூற இரண்டு நிமிடங்கள் போதும். பெருங்கூட்டம் நிற்கும் வெளிநோயாளர் பிரிவில் அந்த இரண்டு நிமிடங்கள் அரிதுதான். ஆனால், அவை கிட்டாததால் அதே நோயாளி ஆறுமுறை திரும்ப வருகிறார் என்பதையும் கணக்கிட வேண்டும். மருத்துவரால் இயலாத இடத்தில் செவிலியரோ மருந்தாளுநரோ சொல்லலாம்.

உடன் வேண்டுவது ஒரு தலைவலிக் குறிப்பேடு. விலையுயர்ந்த ஏடு தேவையில்லை; சுவரில் தொங்கும் மாத நாட்காட்டியில் வலி வந்த நாளுக்கு ஒரு புள்ளி, வலி மாத்திரை உண்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறி இட்டாலே போதும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதனைச் செய்யலாம். எட்டுப் புள்ளி நான்காகக் குறைந்தால் மருந்து வேலை செய்கிறது. நினைவை நம்பினால், நேற்றைய வலியே மூன்று மாதங்களையும் மறைத்துவிடும்.

மாணவர்களைப் பொறுத்து ஓர் ஆய்வு எச்சரிக்கை தருகிறது. 8 முதல் 17 வயதுவரை உள்ளோருக்கு அமிட்ரிப்டிலின், டோபிராமேட், போலி மாத்திரை ஆகிய மூன்றையும் பிரித்துக் கொடுத்து அமெரிக்காவில் நடத்தி, 2017-இல் வெளியிட்ட ஆய்வில், பாதியளவு நிவாரணம் பெற்றோர் முறையே 52, 55, 61 விழுக்காட்டினர். மருந்து போலியை வெல்லவில்லை. பக்க விளைவுகள் மட்டும் மருந்து உண்டவர்களிடம் மிகுந்திருந்தன. ஆகவே பள்ளி மாணவருக்கு ஒழுங்கான தூக்கம், நேரத்தில் காலை உணவு, போதிய தண்ணீர் ஆகியவற்றைச் சீர்செய்து பார்க்காமல் மாத்திரையில் தொடங்குவது சரியன்று. தேர்வுக்காலத்தில் உறக்கத்தையும் உணவையும் துறப்பதை உழைப்பின் அடையாளமாகப் போற்றும் வீடுகள் இதனைக் கவனிக்க வேண்டும்.

புதியவையும் பழையவையும்

இந்நோய்க்கென்றே ஆக்கப்பட்ட மருந்துகளும் இப்போது உள்ளன. வலியைத் தூண்டும் சிஜிஆர்பி என்னும் புரதப் பொருளை மறிக்கும் ஊசிமருந்துகளுள் முதலாவதான எரனுமேப் 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மந்தமும் மறதியும் இவற்றால் அரிது. மலச்சிக்கலும் இரத்த அழுத்தம் உயர்தலும் எரனுமேப்பால் நேர்ந்துள்ளன. அமெரிக்கத் தலைவலிக் கழகம் 2024-இல் இவ்வகை மருந்துகளைத் தொடக்கத்திலேயே தரலாம் என்றது. இவற்றின் விலையை நோக்க, இந்நாட்டின் அரசு மருத்துவமனைகளுக்கு அது இப்போதைக்கு எட்டாத வழி. மாதத்தில் பாதி நாட்களுக்கு மேல் தலைவலி உள்ளவருக்குப் போட்யூலினம் ஊசி 2010 முதல் பயன்பட்டு வருகிறது.

எனவே பெரும்பான்மையோருக்கு இன்றும் கைகொடுப்பவை பழைய மாத்திரைகளே. புரோப்ரனலாலும் ஃப்ளூனரிசினும் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன. அப்பட்டியலில் உள்ளவற்றின் உச்சவிலையை 2013-ஆம் ஆண்டு விலைக்கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் அரசு வரையறுக்கிறது. ஆனால் பட்டியலில் இருப்பது மட்டும் போதாது. மூன்று மாதம் விடாமல் உண்ண வேண்டிய மருந்தைச் சில நாட்களுக்கே அளந்து கொடுக்கும் இடத்தில், ஒவ்வொரு முறையும் கூலியை இழந்து வரிசையில் நிற்க வேண்டியவர் இடையில் நின்றுவிடுவது இயல்பே. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் ஒரு மாத மாத்திரையைச் சேர்த்துத் தரும் முறையை இதற்கும் நீட்டிப்பதில் மாவட்ட அலுவலர்களுக்குப் பெருந்தடை இருக்க முடியாது.

மருந்தை எப்போது நிறுத்துவது என்பதும் தொடங்கும்போதே பேசப்பட வேண்டும். ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை வலி நன்கு குறைந்திருந்தால், அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பார்ப்பது வழக்கம். பலருக்கு மருந்தின்றியே பயன் நீடிக்கும். சிலருக்கு மீண்டும் தொடங்க நேரிடும்.

பக்க விளைவு நேர்ந்தால் அதனைப் பதிவு செய்ய அரசு ஏற்பாடு ஒன்று உண்டு; அதனை அறிந்தோர் அலுவலர்களிடையேகூடக் குறைவு. 2010-இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம், 2011 முதல் காஜியாபாத்தில் உள்ள இந்திய பார்மகோபியா ஆணையத்தின் பொறுப்பில் நடைபெறுகிறது. மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் அதன் மையங்கள் உள்ளன. மருத்துவர் மட்டுமன்றி நோயாளியும் தெரிவிக்கலாம். அதற்கான படிவம் பல இந்திய மொழிகளில் உள்ளது. 1800-180-3024 என்னும் கட்டணமற்ற தொலைபேசி எண்ணிலும் கூறலாம். மருந்தின் பெயர், உண்ட அளவு, தொடங்கிய நாள், நேர்ந்த விளைவு ஆகியவற்றைச் சொன்னால் போதும். மருந்துதான் காரணம் என்று மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு தெரிவிப்பவருடையதன்று.